புகையும் வெளிச்சமும்

1990 யூன் மாதத்தில் மயிலிட்டியையும் அதைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களையும் விட்டு மக்கள் வெளியேறியபோது, செம்மண் காணியையும் கிணற்றையும் எவராலும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. உருண்டு வரக்கூடியவை மட்டும் வந்தன. சைக்கிள் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, லான்ட்மாஸ்டர் உள்ளவர்கள் அதன் பெட்டியில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தையும் சட்டி பானைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பல குடும்பங்களுக்கு இருந்த ஒரே முதல் அதுதான். குத்தகைக் காணியில் வெங்காயம் நட்டதும், பிறர் நிலத்தைக் கூலிக்கு உழுததும், கல்லும் மணலும் ஏற்றியதும் அந்த இயந்திரங்களை நம்பித்தான்.

மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலை 3 ஆம் நாள் விடுவிக்கப்பட்டது. அதன்பின் கட்டங்கட்டமாகக் காணிகள் விடப்பட்டன. எல்லாம் இன்னும் விடப்படவில்லை. காணி கிடைத்தவர்களிலும் எல்லோரும் உடனே வீடு கட்டிக் குடியேறிவிடவில்லை. இடம்பெயர்ந்த ஊரில் தங்கியிருந்து, விடியுமுன் தோட்டத்துக்குப் போய்ப் பொழுதுபட்டபின் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் வாகனம் நின்றால் தோட்டமும் நிற்கும். அதனால்தான் பயிர்ச்செய்கை பற்றிப் பேசும் இந்தப் பக்கங்களில் இம்முறை எஞ்சினைப் பற்றி எழுதுகிறேன்.

மண்ணெண்ணெய்ப் பழக்கம்

எமது வாகனப் பழக்கங்கள் பல பொருளாதாரத் தடைக் காலத்தில் உருவானவை. 1990 இன் பின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடுக்கப்பட்டது. மக்கள் சளைக்கவில்லை. சிறு போத்தலில் பவுண்போல வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மோட்டார் சைக்கிள் மட்டுமல்ல, பழைய ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும்கூட அப்படி ஓடின. ஊரெல்லாம் அந்த மணந்தான். அன்று அது சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியம் இல்லாவிட்டால் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க முடியாது.

ஆனால் பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் உணவல்ல. அது பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதைத் தண்ணீர்போல ஆக்கிவிடும். ஒயில் அளவுக்கோலைத் தூக்கிப் பார்த்தால் ஒயில் குறையாமல் கூடியிருக்கும். ‘ஒயில் குடிக்காத நல்ல எஞ்சின்’ என்று சிலர் மகிழ்வார்கள். உண்மையில் அது தேய்ந்துகொண்டிருக்கிறது. ஒயிலை மணந்து பாருங்கள், விளங்கும்.

டீசலிலும் இதே கதைதான். லான்ட்மாஸ்டர் எஞ்சினின் டீசல் பம்புக்குத் தனி ஒயில் விடுவதில்லை. அதன் உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்பைக் கொடுப்பது டீசலே. மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழுவழுப்புக் குறையும். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியபின் இக்கலப்பில் முன்னைய இலாபமும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட நீரிறைக்கும் இயந்திரங்கள் வேறு. அவற்றிலும் நிறுத்துவதற்குச் சற்று முன் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்துங்கள். மறுநாட் காலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழலாது.

2022 இல் கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து தரப்பட்டபோது, கானிலும் போத்தலிலும் எரிபொருள் சேர்த்து வைக்கும் வழக்கம் மீண்டும் தலைகாட்டியது. சேர்த்து வைத்த டீசலில் தண்ணீர் இறங்கும். கானை ஓரிரவு அசையாமல் வைத்து, மேலிருப்பதை மட்டும் தாங்கிக்குள் விட்டு, அடியில் உள்ளதை விட்டுவிடுங்கள். துணியால் வடித்தால் தூசிதான் நிற்கும், தண்ணீர் நிற்காது. தாங்கியைப் பொழுதுபடுமுன் நிரப்பி வைப்பதும் நல்லது. வெறுந்தாங்கியில் இரவின் ஈரம் சுவரில் வியர்த்து உள்ளே இறங்கும். பெற்றோல் போத்தல் படுக்கிற அறையிலோ அடுப்படியிலோ இருக்கவே கூடாது.

டீசல் முற்றாகத் தீரும்வரை ஓடவிடவும் வேண்டாம். குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் அதை எடுத்த பின்னரே எஞ்சின் உயிர்க்கும். 2025 ஏப்ரலில் வசாவிளான்–பலாலி வீதி 35 ஆண்டுகளின்பின் திறக்கப்பட்டபோது வழியில் வாகனத்தை நிறுத்தக்கூடாது என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. அத்தகைய வீதியில் காற்றுப் பிடித்து நின்ற வண்டிக்காரன் யாருக்கு என்ன சொல்லி விளங்கப்படுத்துவான்?

புகையின் நிறம்

வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல எஞ்சினுக்குப் புகையைப் பார்க்கவேண்டும். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் கூடிவிட்டது, அல்லது காற்றுப் போதவில்லை. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். காலைக் குளிரில் சிறிது வெள்ளைப் புகை வருவது குற்றமல்ல. சூடான பின்னும் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

எமது பகுதியில் கறுப்புப் புகைக்கும், பின்னர் நீலப் புகைக்கும் முதற்காரணம் செம்மண் தூள். அது மாவைப்போல நுண்ணியது. உழும்போது எழும் தூளை எஞ்சின் மூச்சோடு இழுக்கிறது. லான்ட்மாஸ்டரின் காற்று வடிகட்டி பெரும்பாலும் ஒயில் கிண்ணம் உள்ளது. கிண்ணத்தின் அடியில் சேறு படிந்திருந்தால் அன்றே கொட்டிக் கழுவி, கோடு மட்டத்துக்குப் புதிய ஒயில் விடவேண்டும். கோட்டுக்கு மேலே விட்டால் எஞ்சின் அந்த ஒயிலையே உறிஞ்சிக் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கக்கூடும். உழவு நாட்களில் இதைத் தினமும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை; செய்யாவிட்டால் எஞ்சினை இறக்கிப் பிரிக்கும் செலவு.

மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். 2008 இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய இந்த ஏற்பாடு பின்னர் எங்களிடமும் வந்தது. பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் வடிகட்டி மாற்றி, பிளக் துடைத்துக் கொண்டுபோகிறவர்கள் பலர். பெரிய வெள்ளியன்று மட்டும் கோவிலுக்கு வருகிறவர்களைத்தான் எனக்கு நினைவு வரும். வராமல் இருப்பதிலும் பார்க்க அது மேல்தான்.

கிணற்றுக்குள் எஞ்சின்

புகையைப் பற்றி எழுதும்போது இதை அழுத்திச் சொல்லவேண்டும். மீளத் திரும்பியவர்கள் முதலிற் செய்வது பற்றை வெட்டுவதும், தூர்ந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவதும். நீரிறைக்கும் இயந்திரம் நடைமுறையில் ஏறத்தாழ 7 மீற்றர் ஆழத்திலிருந்துதான் தண்ணீரை உறிஞ்சும். நீர்மட்டம் இறங்க இறங்க இயந்திரத்தையும் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கும் பழக்கம் உண்டு. அங்கேதான் சாவு காத்திருக்கிறது. பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களின் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கிணற்றுக்குள் காற்றோட்டம் இல்லாததால் அது தேங்கும். இறங்கியவர் மயங்கி விழுவார். என்ன நடந்தது என்று பார்க்க இறங்கும் தம்பியும் விழுவார்.

எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். நீர்மட்டம் மிகக் கீழே போனால் நீரில் மூழ்கி இயங்கும் மின்பம்பை வாடகைக்கு எடுங்கள். ஆட்கள் இறங்குமுன் அதன் மின்சாரத்தை நிறுத்துங்கள். அல்லது வாளியால் இறையுங்கள். ஒருவர் உள்ளே மயங்கிவிட்டால் இடுப்பில் கயிறு கட்டாமலும், மேலே பிடித்திழுக்க ஆட்கள் இல்லாமலும் மற்றவர் இறங்கவே கூடாது. கயிறு கட்டினாலும் நச்சுக் காற்று அங்கேயேதான் இருக்கும். கிணற்றுக்குள் காற்றை ஊதிச் செலுத்த வழி செய்யுங்கள்.

கிணறு என்றதும் பழைய ஒயிலையும் சொல்லவேண்டும். லான்ட்மாஸ்டர் எஞ்சினுக்குச் சுமார் 100 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றவேண்டும். கழித்த ஒயிலை வேலியடியில் ஊற்றிவிடுகிறோம். எமது மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். அதன் துளைகளிலும் வெடிப்புகளிலும் நிற்பதுதான் நாம் குடிக்கும் தண்ணீர். சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் பிரச்சினையாகி, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2019 இல் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த மின்னுற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிடப்பட்டது. எங்கள் வேலியடிக்கு வழக்குப் போட எவரும் வரமாட்டார்கள். தண்ணீரைக் குடிப்பவர்களும் நாங்களே. கழிவு ஒயிலை மூடியுள்ள கானில் சேர்த்து, அதை வாங்கும் கராஜில் கொடுங்கள்.

பெட்டிக்குப் பின்னால்

போர்க்காலத்தில் வானில் இரைச்சல் கேட்டால் விளக்கை அணைத்தோம். வெளிச்சமில்லாமல் வீதியில் போவது அப்போது பாதுகாப்பு. இன்று அதுவே கொலைகாரன். பொழுதுபட்டபின் பின்விளக்கு இல்லாமல் வரும் லான்ட்மாஸ்டர் பெட்டியை எண்ணிப் பாருங்கள். பின்னால் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகிறது. மங்கிய விளக்கில் 25 மீற்றரில்தான் பெட்டி தெரிந்தால், இரண்டு விநாடிகூட இல்லை. கை பிறேக்கைத் தொடுவதற்கே ஒரு விநாடிக்கு மேல் போய்விடும்.

பெட்டி விளக்கு எரியாததற்குக் காரணம் பெரும்பாலும் பல்ப் அல்ல, எர்த். இழுவைக் கொக்கியின் இரும்பு வழியே மின்சாரம் திரும்பும் என்று விட்டுவிடுகிறோம். துருப்பிடித்த கொக்கி அதைத் தடுக்கும். எஞ்சினிலிருந்து பெட்டிக்குத் தனியாக ஓர் எர்த் வயரை இழுத்துவிடுங்கள். கடற்கரையை அண்டிய எங்கள் ஊரில் உப்புக் காற்று இணைப்புகளைப் பச்சையாக அரிக்கும். சுரண்டித் துடைத்து வசலின் பூசினால் பல மாதம் தாங்கும். வீட்டு மதிலுக்கு நேரே வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஒளி எதிரே வருபவரின் கண்ணுக்கல்ல, வீதியில் விழவேண்டும். சந்தையில் விற்கும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளைப் பூட்டிக்கொண்டு எதிரில் வருகிறவரைக் குருடாக்கும் இளைஞர்களை என்ன சொல்வது!

எஞ்சின் நின்றால் பல லான்ட்மாஸ்டர்களில் விளக்கும் நின்றுவிடும். ஆகவே பெட்டியின் பின்பலகையில் இரு ஓரங்களிலும் சிவப்பு ஒளிதெறிப்பு ஒட்டிகளை ஒட்டிவிடுங்கள். வலது ஓரத்தை மறக்கவேண்டாம், முந்திச் செல்பவர் மோதுவது அதிலேதான். வைக்கோலும் ஓலையும் பின்னால் நீட்டிக்கொண்டு ஒட்டியை மறைத்தால் இன்னும் ஒன்றை வைக்கோலின் நுனியிலே கட்டித் தொங்கவிடுங்கள். மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே: விளக்கு பெட்டிக்குக் கீழே மறைந்துவிடும், ஒட்டி பெட்டியின் பின்புறத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். செம்மண் படிந்த ஒட்டி ஒளியைத் திருப்பி அனுப்பாது.