கொடிக்கு மூடிய துறைமுகமும் கடல் பழகும் இளைஞரும்

இயந்திரக் கப்பல்கள் வந்து நெடுங்காலம் ஆன பின்பும் பல நாடுகள் தம் இளம் மாலுமிகளைப் பாய்க்கப்பலில் ஏற்றிப் பழக்குவதற்குக் காரணம், பலர் ஒரே கயிற்றை ஒரே வேளையில் இழுத்தாலன்றிப் பாய் விரியாத அவ்வேலை, தனியொருவரின் திறமைக்கு முன்பாகக் கூட்டத்தின் ஒழுங்கைக் கற்பிக்கிறது என்பதாகும். கரைவலை இழுப்பைக் கண்டு வளர்ந்த, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பாய்மரப் பயிற்சிக் கப்பல் எனப்படும் இவ்வகைக்கு அருகிலுள்ள ஓர் எடுத்துக்காட்டு, 1997இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து 2003-04இல் உலகைச் சுற்றிவந்த 'தரங்கிணி'.

இக்கப்பல்களின் பன்னாட்டுப் போட்டி 1956இல் இங்கிலாந்தின் டோர்பேயிலிருந்து லிஸ்பனுக்கு ஓடியதில் தொடங்கியது. கப்பலில் இருப்போரில் பாதிப்பேராவது 15 முதல் 25 வயதுக்குட்பட்டோராக இருக்க வேண்டும் என்பது அதன் விதி; போட்டியின் இரு கட்டங்களுக்கு இடையே ஒரு கப்பலின் பயிலுநர் இன்னொரு நாட்டின் கப்பலில் ஏறிச் செல்லும் குழுமாற்றம் அதன் வழக்கம். பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1974இல் சோவியத் கப்பல்கள் முதன்முறையாக இப்போட்டியில் கலந்துகொண்டபோது, வேகத்துக்காக அன்றிப் பன்னாட்டு நல்லுணர்வுக்காகக் கப்பல்தலைவர்கள் தாமே வாக்களித்து வழங்கும் விருதை அவற்றுள் ஒன்றான 'குரூசென்ஷ்டேர்ன்' பெற்றது. அக்கப்பலே 1926இல் ஜெர்மனியில் வேறு பெயரில் பிறந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் கைக்கு வந்ததாகும்.

ரஷ்யக் கப்பல்களுடன் இவ்வாறு வளர்ந்த நெருக்கம் இன்று இருவேறு வகைத் தடைகளைச் சந்தித்திருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது பிழையாகும். ரஷ்யா 2014இல் தன்னுடன் இணைத்துக்கொண்ட கிரிமியாவைச் சேர்ந்த பயிலுநர் 'சேதோவ்' என்ற ரஷ்யக் கப்பலில் இருந்தமையால், 2018இல் போலந்தும் 2019இல் எஸ்தோனியாவும் அதற்குத் தம் துறைமுகங்களைத் திறக்க மறுத்தன; அங்கு மறுப்புக்குக் காரணம் கப்பலில் இருந்த ஆட்கள். உக்ரைன் மீதான படையெடுப்பின் பின்னர் 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையோ, அதாவது ரஷ்யக் கொடியுடைய கப்பல்கள் ஒன்றியத் துறைமுகங்களுள் நுழையலாகாது என்ற விதியோ, கொடியை நோக்கியது. ஆபத்தில் ஒதுங்கவரும் கப்பலுக்கு அதில் விலக்கும் உண்டு.

போரில் அழிவைச் சந்திக்கும் நாட்டின் பக்கம் நின்று, ஓர் அரசின் அடையாளமாய் வரும் கப்பலைத் தடுப்பது நியாயமானதே. எனினும் அத்தடை, பிற நாட்டுக் கப்பல்களின் குழுவினர் தம் பழைய தோழர்களுக்குக் கடிதம் எழுதுவதையோ, அவர்களுள் ஒருவரைத் தனியாளாக மதிப்பதையோ தடுக்கவில்லை என்பதனால், குழுமாற்றத்தில் விளைந்த நட்பைக் காப்பதற்கு இடம் எஞ்சியிருக்கிறது. ஆட்களின் ஊரை முன்னிறுத்தி விதிக்கப்படும் தடையில் அவ்விடம் மிகக் குறுகிவிடுகிறது.

இந்த வேறுபாட்டின் கனத்தைக் கிழக்குக் கரை அறியும். மருதமுனையும் பாண்டிருப்பும், சாய்ந்தமருதும் காரைதீவும் என முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒரே மணற்கரையில் அடுத்தடுத்து அமைந்த இப்பகுதியில், இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் சந்தேகம் படகின் மீது மட்டுமன்றி அதில் ஏறுபவரின் இனத்தின் மீதும் விழுந்தது. வடக்கு கிழக்கின் பல இடங்களில் கடலுக்குப் போகவே 'பாஸ்' எனப்படும் அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டியிருந்தது.

ஆயினும் தோழமை என்பது தடுக்கப்பட்டவரை மட்டும் எண்ணுவதாகிவிடக் கூடாது. கிரிமியாவின் கேர்ச் துறைமுகத்தைத் தாயகமாகக் கொண்டிருந்த 'கெர்சோனெஸ்' என்ற பயிற்சிக் கப்பலை 2014இன் பின் உக்ரைன் இழந்தது. ரஷ்யத் தோழரின் வெற்றிடத்துக்காக வருந்தும் கப்பல்தலைவர்கள், கப்பலையே இழந்த உக்ரைன் இளைஞருக்குத் தம் தளத்தில் எத்தனை இடம் ஒதுக்குகிறார்கள் என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டியவர்களாவர்.