கேட்டு வாங்கப்படும் ராஜினாமா

பணிநீக்கத் தகராறுகளில் நிர்வாகம் முதலில் எடுத்து நீட்டும் ஆவணம், பல வேளைகளில், தொழிலாளி கையெழுத்திட்ட ராஜினாமாக் கடிதமாகவே இருக்கிறது. நிர்வாகமே ஒருவரை நீக்குவதானால் விசாரணை, முன்னறிவிப்பு, ஆட்குறைப்பாக இருந்தால் ஓராண்டுப் பணிக்கு 15 நாள் சராசரி ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடு எனக் கடமைகள் வரிசையாக வந்து நிற்கும். அவரே விலகிக்கொண்டதாகக் கடிதம் இருந்துவிட்டால் இவற்றில் ஒன்றும் இல்லை. அதனால்தான் மனிதவளப் பிரிவின் அறைக்கு அழைத்து, கைப்பேசியை வெளியே வைக்கச் சொல்லி, "சொந்தக் காரணங்களுக்காக" என்ற வாசகத்தையும் தாங்களே சொல்லிக்கொடுத்து, மறுத்தால் பணி விடுவிப்புச் சான்று கிடைக்காது என்று அச்சுறுத்திக் கடிதம் வாங்கப்படுகிறது.

மிரட்டியோ, மேல்நிலையைத் தவறாகப் பயன்படுத்தியோ பெற்ற ஒப்புதலைப் பாதிக்கப்பட்டவர் செல்லாததாக்கிக்கொள்ள 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் மிரட்டல் நடந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு, அதைச் சொல்பவர் தலையில்தான் விழுகிறது. கையெழுத்திட்ட மறுநாள் அவர் என்ன செய்தார் என்பதே அங்கே பெரிதாகப் பார்க்கப்படும். ஆறு மாதம் வேறு வேலை தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காத நிலையில் "கட்டாயப்படுத்தினார்கள்" என்று வருபவரை நம்புவது எந்த நீதிபதிக்கும் கடினம்.

பின்னொரு தேதியில் நடைமுறைக்கு வரவேண்டிய ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்பது, அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் விலகல் தொடர்பான கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நெறி. எனவே கடிதத்தில் "உடனடியாக விடுவிக்கவும்" என்ற சொற்கள் இருக்கின்றனவா, அறிவிப்புக் காலம் மிச்சமிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் மறுப்புக் கடிதம் இரண்டொரு நாளுக்குள் போயாக வேண்டும்.

அக்கடிதத்தில் சம்பவ நாள், நேரம், அறையில் இருந்தவர்களின் பெயர், பதவி, அவர்கள் சொன்ன சொற்கள் அப்படியே, பணியைத் தொடர ஆயத்தம் என்ற வரி ஆகியவை இடம்பெற வேண்டும். நிறுவன மின்னஞ்சல் சில மணி நேரத்தில் முடக்கப்படலாம் என்பதால் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பி, அதே கடிதத்தை விரைவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதையும் விநியோகச் சான்றையும் பத்திரப்படுத்த வேண்டும். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குச் சென்று, வாயிலில் தடுக்கப்பட்டால் அதையும் அன்றே எழுதி அனுப்ப வேண்டும்.

அடுத்த இடம், பணியிடம் அமைந்த பகுதிக்குரிய தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகம்; வங்கி, ரயில்வே போன்ற மத்திய அரசு வரம்பிலுள்ளவற்றுக்குச் சென்னையில் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனிலுள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையரகம். மனுவில் "ராஜினாமா செய்தேன், மீண்டும் வேலை வேண்டும்" என்று எழுதுவது தன் வழக்கைத் தானே மூடுவதாகும். "கட்டாயப்படுத்திப் பெற்ற கடிதத்தைக் காட்டிப் பணிநீக்கம் செய்தனர்" என்றே எழுத வேண்டும். "நீங்களேதானே எழுதிக் கொடுத்தீர்கள்" என்று மனுவைத் தொடாமலேயே திருப்பியனுப்பும் அதிகாரிகளுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது: விருப்பத்தோடு எழுதப்பட்டதா என்று தீர்ப்புச் சொல்வது சமரச அலுவலரின் வேலையன்று. நகலில் தேதியும் முத்திரையும் விழாமல் மனுதாரர் அங்கிருந்து நகரக் கூடாது.

பழைய 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவு தந்த 3 ஆண்டுக் கெடுவை நம்பி உட்கார்ந்திருப்பதும் இனி ஆபத்து. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதை 2 ஆண்டாகச் சுருக்கியதோடு, சமரசம் முறிந்த அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தை நாட வேண்டும் என்றும் சொல்கிறது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இவ்வழி இல்லை. ஆனால் விசிட்டிங் கார்டில் "மேனேஜர்" என்று அச்சடித்திருப்பதாலேயே ஒருவர் அந்த வகையில் சேர்ந்துவிடுவதில்லை, செய்யும் வேலையே அளவுகோல்.

கடைசிப் பொறி கணக்கு முடிக்கும் தாளில் இருக்கிறது. நிலுவைச் சம்பளம் விலகிய 2 வேலை நாட்களுக்குள் தரப்பட வேண்டியது. 5 ஆண்டு பணி முடித்தவருக்குப் பணிக்கொடையும் உரிமை, ராஜினாமாவால் அது போய்விடுவதில்லை. இவற்றைப் பெறுவதற்காக "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியின் கீழ் அப்படியே கையெழுத்திட வேண்டியதில்லை. "உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துக்கு மேலே எழுத வேண்டும். எழுத விடாவிட்டால் தாளைத் தொடாமல் வெளியே வந்து, மறுக்கப்பட்டதை அன்றே மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும்.