ஒளிந்தும் உடை மாற்றியும்: உண்ணிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி ஏன் வரவில்லை?

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் புதுச்சேரி மருத்துவமனைகளுக்கு வரும் காய்ச்சல் எல்லாம் டெங்கு அல்ல. சிலருக்கு இருப்பது ஸ்கரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல். இது இங்கே கொத்தாகப் பரவியதை 2010இலேயே மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்திருக்கிறார்கள். புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் இளம்புழு கடிக்கும்போது ஒரியன்டியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடலுக்குள் நுழைகிறது. கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு தோன்றும். கிருமி தெரியும், கடத்தும் உண்ணி தெரியும், மருந்தும் உண்டு. தடுப்பூசி மட்டும் இல்லை. உடலின் காவலை இக்கிருமி இரண்டு வழிகளில் ஏய்ப்பதே அதற்குக் காரணம்.

முதல் வழி, ஒளிதல். வெள்ளை அணு ஒரு பாக்டீரியாவை விழுங்கினால் சிறு பைக்குள் அடைத்துச் செரித்துவிடும். ஒரியன்டியாவோ பையை உடைத்து வெளியேறி, செல்லின் உள்ளிழைகளைப் பற்றிக்கொண்டு உட்கருவின் அருகே போய்ப் பெருகுகிறது. ஆன்டிபாடிகளால் அங்கே எட்ட முடியாது. தொற்றிய செல், கிருமியின் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் காட்டி, தொற்றிய செல்களை அழிக்கும் டி செல்களை அழைக்க வேண்டும். அந்த அறிவிப்பையும் இக்கிருமியின் புரதங்கள் மட்டுப்படுத்துகின்றன. இரண்டாவது வழி, உடை மாற்றம். அதன் மேலுறையின் முக்கியப் புரதம் கார்ப், கிலியம், கேட்டோ என வகைக்கு வகை மாறுபடுகிறது. ஒரு வகையிலிருந்து மீண்டவருக்கு வேறு வகைக்கு எதிரான காப்பு சில மாதங்களே நிற்கும். இரண்டாம் உலகப் போரின் முடிவில், பருத்தி எலிகளின் நுரையீரலில் வளர்த்த கிருமியைக் கொன்று பிரிட்டிஷார் செய்த தடுப்பூசி தென்கிழக்காசியாவில் சோதிக்கப்பட்டுத் தோற்றதில் வியப்பில்லை.

மலிவான டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருக்கும்போது தடுப்பூசி எதற்கு என்று கேட்கலாம். நோயை உரிய நேரத்தில் கண்டறிந்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் பெனிசிலின் வகை மருந்துகள் இக்கிருமியைத் தொடுவதில்லை. அவற்றை நம்பிக் கழியும் நாட்களில் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையாக நோயுற்றவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுத்தபோது சிக்கல்கள் குறைந்தன. இறப்பில் பெரிய மாற்றமில்லை. இத்தனை வகைகளுக்கும் ஒரே ஊசி நடக்கிற காரியமா என்பது அடுத்த ஐயம். வகைகளுக்குப் பொதுவான, எளிதில் மாறாத புரதங்களைக் கொண்டு ஆன்டிபாடிகளோடு டி செல்களையும் தூண்டுவதே இன்றைய ஆய்வுப் பாதை. எலிகளில் நம்பிக்கை தெரிகிறது, மனிதர்களுக்கு இன்னும் வரவில்லை. அதுவரை, காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் அக்குள், இடுப்பு மடிப்புகளில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புதர்ப் பக்கம் போய் வந்ததையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.