உஷார்! ஓசிப் பெட்டியில் கூடவே குடிவரும் கரப்பான்

வீடு மாற்றப் போகிறீர்களா? மளிகைக் கடை வாசலில் கிடக்கும் ஓசி அட்டைப்பெட்டிகளை அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள்!

வெல்லமும் பிஸ்கட்டும் இருந்த பெட்டியின் அடி மடிப்பை விரித்துப் பாருங்கள். காராமணி அளவில், கரும்பழுப்பாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா? அது கரப்பானின் முட்டைக்கூடு. சாக்கடையிலிருந்து ஏறி வரும் பெரிய கரப்பான், ஒரு கூட்டுக்குள் சுமார் 15 முட்டைகளை அடைத்து, இப்படி இடுக்கில் ஒட்டிவிட்டுப் போய்விடும். மேலே மருந்து அடித்தாலும் கூட்டைத் தாண்டி உள்ளே இறங்காது. பொரிய ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஆகும். அதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சி, ‘அப்புறம் பிரிக்கலாம்’ என்று நாலு பெட்டிகளைப் பரணில் ஏற்றியிருப்பீர்கள். அங்கே பொரிந்தால், அடுக்களை வரை இறங்கி வர எத்தனை நேரமாகும்? மூட்டைப்பூச்சியும் இதே மடிப்புகளில்தான் பதுங்கும்.

இதைவிடப் பயங்கரம், உரக்கடை, பூச்சிமருந்துக் கடைப் பெட்டிகள். கெட்டியாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள்! சாய்சதுர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் கடும் விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சையாக இருந்தாலும் தொடாதீர்கள். முத்திரையே இல்லை, ஆனால் நெடி அடிக்கிறதா? அதுவும் வேண்டாம். குழந்தையின் துணியையும் சோற்றுப் பாத்திரத்தையும் அதில் எப்படி வைப்பது?

செலவில்லாமல் வேண்டுமென்றால் மருந்துக் கடை, ஜவுளிக் கடை, ஸ்டேஷனரி கடைகளில் முதல் நாளே சொல்லிவையுங்கள். உலர்ந்த, சுத்தமான பெட்டிகள் அங்கே கிடைக்கும். பாத்திரத்துக்கும் மிக்ஸிக்கும் மட்டும் புதிதாக 5 பிளை பெட்டி வாங்கினால் போதும். 3 பிளை துணிமணிக்குத்தான் தாங்கும். தட்டு, கண்ணாடிச் சாமான்களைப் பழைய சேலையில், துண்டில் சுற்றுங்கள். பபிள் ராப் செலவு மிச்சம், செய்தித்தாள் மையும் ஒட்டாது.

ஐப்பசி, கார்த்திகையில் மாறுபவர்கள் இன்னும் கவனம்! ஈரம் பட்ட அட்டை பாரம் தாங்காது. புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் பிரித்துப் போட்டு, அடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள். மாடிப்படியில் அடி பிய்த்துக்கொண்டால், கீழே நிற்பவர் காலில்தான் விழும்.