வழுநீக்கத்தில் கோவை மதிப்பிடல்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஒரு வரியில் நிறுத்தி, அந்தக் கணத்தில் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்று வழுநீக்கியிடம் கேட்டு அறிவது கோவை மதிப்பிடல் எனப்படும். கோவை ஒரு தனி மாறியாகவோ, மாறிகளும் குறிகளும் சேர்ந்த கணக்காகவோ, ஒரு செயற்கூற்றின் அழைப்பாகவோ இருக்கலாம்.

சி மொழியில் சதவீதம் காணும் வரி ஒன்றைக் கொள்வோம். புரிதலுக்காக மாறிகளின் பெயர்கள் தமிழில் தரப்பட்டுள்ளன.

சதவீதம் = மதிப்பெண் / மொத்தம் * 100;

மதிப்பெண் 432, மொத்தம் 500. இரண்டும் முழு எண்கள். சதவீதம் பின்ன எண் வகை. விடை 86.4 வரவேண்டும், வருவதோ 0. மாறிகளைத் தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியாகவே இருக்கும். எனவே கோவையைத் துண்டாக்கிக் கேட்க வேண்டும். "மதிப்பெண் / மொத்தம்" என்று கேட்டால் 0 என்று விடை வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும்போது சி மொழி பின்னப் பகுதியை வெட்டிவிடுகிறது. விடையைப் பெறும் மாறி பின்ன வகை என்பதால் மட்டும் பயனில்லை. வகுத்தல் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. திருத்தத்தையும் அங்கேயே சோதிக்கலாம்: "மதிப்பெண் * 100 / மொத்தம்" 86 தரும், "மதிப்பெண் * 100.0 / மொத்தம்" 86.4 தரும். இவ்வளவுக்கும் நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

பைத்தான் 3-இல் இதே வகுத்தல் 0.864 தரும். ஆகவே கோவையை எந்த மொழியின் விதிப்படி மதிப்பிடுவது என்பதை வழுநீக்கி அறிந்திருக்க வேண்டும்.

கேட்பது எப்போதும் தீங்கற்றது அன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதி 1986-இல் வெளிவந்த ஜிடிபி வழுநீக்கியில் மதிப்பைக் காட்டும் கட்டளை பிரிண்ட். சி நிரலில், மதிப்பு 5-தானா என்று பார்க்க "==" இடுவதற்குப் பதில் "=" இட்டால், ஜிடிபி அந்த மாறியில் 5-ஐ எழுதிவிடும். திரையில் 5 என்றே தெரியும். மாணவர் ஐயம் தீர்ந்தது என்று மேலே செல்வார். அதன்பின் நிரல் ஓடுவது மாற்றப்பட்ட மதிப்பைக் கொண்டு. இருந்த வழு மறையலாம், இல்லாத வழு தோன்றலாம். "++" குறியும், உள்ளே எதையேனும் மாற்றும் செயற்கூற்றை அழைப்பதும் இத்தகையவையே.

ஒரே பெயர் இரு செயற்கூறுகளில் இருந்தால், நிரல் நின்றிருக்கும் செயற்கூற்றில் உள்ளதே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். அழைத்த செயற்கூற்றின் மாறி வேண்டுமானால் ஜிடிபியில் அப் என்ற கட்டளையால் ஒரு படி மேலே செல்ல வேண்டும்.

வேகத்திற்காக உகப்பாக்கித் தொகுத்த நிரலில் சில மாறிகளுக்கு மதிப்பே கிடைக்காது. தொகுப்பி அவற்றை நீக்கியிருக்கும். அப்போது உகப்பாக்கம் இன்றி, வழுநீக்கத் தகவலுடன் மீண்டும் தொகுத்தால் பெரும்பாலும் அவை தெரியவரும்.