சமையலறைக் கதவு திறந்தது!

கடைசித் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடியிருந்தேன். பரிமாறியவர் மேசையருகே குனிந்து கேட்டார்: "சமையலறையைப் பார்க்க வருகிறீர்களா? அப்படியே ஒயின் நிலவறையையும் பார்த்துவிடலாம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். "நிஜமாவா கேக்கறாங்க?"

"இதுக்காகத்தாம்மா உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன். போ, போ."

நாப்கினை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பெரிய ஓட்டல்களில் சமையலறைக் கதவைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்க இதுவரை யாரும் என்னை விட்டதில்லை. இங்கே அவர்களே வருந்தி அழைக்கிறார்கள்!

ஊர் டாம்பா. அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அன்று மதியம் ஈபோர் சிட்டியைச் சுற்றியிருந்தோம். 1880களில் கியூபாவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்தவர்கள் சுருட்டுச் சுற்றி வளர்த்த பகுதி அது. சாயங்காலம் சவுத் ஹோவர்ட் அவென்யூவில் ஒரு வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் அண்ணன் வண்டியை நிறுத்தினார். சன்னலே கண்ணில் படவில்லை. "என்னண்ணா, குடோன் மாதிரி இருக்கு?" என்றேன். "உள்ள வா, அப்புறம் பேசு" என்றார்.

உள்ளே நுழைந்ததும் பேச்சு வரவில்லை. எங்கே திரும்பினாலும் சிவப்பு. சிவப்புச் சுவர், அகலமான மாடிப்படி, தங்கமுலாம் சட்டத்தில் பெரிய பெரிய ஓவியங்கள், சிலைகள். கல்யாண மண்டபமும் பழைய நாடகக் கொட்டகையும் ஒன்றாகச் சேர்ந்தது போன்ற ஜொலிப்பு. ஒரு அறைக்குப் பின்னால் இன்னொரு அறை, அதற்கும் பின்னால் இன்னொன்று. பணம் சேரச் சேர, பக்கத்து இடத்தை வாங்கி வாங்கிக் கட்டிய வீட்டைப் போலவே இந்த உணவகமும் வளர்ந்திருக்கிறது.

பெயர் பெர்ன்ஸ் ஸ்டேக் ஹவுஸ். நியூயார்க்கிலிருந்து வந்த பெர்ன் லாக்ஸரும் அவர் மனைவி கெர்ட்டும் 1956-ல் தொடங்கியது. அவர்கள் வாங்கிய இடத்தில் அதற்கு முன் 'பியர் ஹேவன்' என்று ஒரு மதுக்கடை இருந்ததாம். புதுப் பலகைக்குக் கையில் காசில்லை. பழைய பலகையின் ஆங்கில எழுத்துகளிலிருந்தே வேண்டியதைப் பொறுக்கி 'பெர்ன்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள், கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் விலைக்கு வாங்கினார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். அந்தக் கதையை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்!

சாப்பாட்டுக்கு வருகிறேன். பட்டியல் வந்தது. அதில் ஒரு அட்டவணை: மாட்டிறைச்சியின் எந்தப் பகுதி, எத்தனை அங்குல கனம், எவ்வளவு எடை, எத்தனை பேருக்குப் போதும், என்ன விலை. துணிக்கடையில் மீட்டர் சொல்லி வெட்டி வாங்குவது போல, நாம் சொல்லும் அளவுக்கு வெட்டித் தருகிறார்கள். எந்தப் பதத்தில் வேண்டும் என்பதற்கும் தனி விளக்கம் உண்டு: வெளியே எவ்வளவு முறுகும், நடுவில் நிறம் என்ன, சூடு எவ்வளவு. நாங்கள் 'டெல்மோனிக்கோ' சொன்னோம். விலாப் பகுதிக் கறி, கொழுப்பு நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். பதம் 'மீடியம் ரேர்'.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் கறி என்றால் நன்றாக வேகவேண்டும், சிவப்பாக எதுவும் கசியக்கூடாது. எனக்கும் அதே தயக்கம் இருந்தது. ஆனால் தட்டில் கசிகிற அந்தச் சிவப்பு நீர் ரத்தமே இல்லை. தசைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர் அது. நடுப்பகுதி ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸைத் தொடும்போது எடுத்துவிட்டால் சாறு உள்ளேயே தங்கும். அதற்கு மேல் போகப்போகத் தசைநார் இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். ஒரு வாய் வைத்ததும் என் தயக்கம் போன இடம் தெரியவில்லை. வெளியே மொறுமொறுவென்று கருகல் வாசம், உள்ளே வெண்ணெய்.

ஸ்டேக்குடனேயே ஒரு விருந்து வருகிறது: கிண்ணத்தில் வெங்காய சூப், ஏழெட்டுக் காய் சேர்ந்த சாலட், சுட்ட உருளைக்கிழங்கு, காய்கறி, நூல் போல மெல்லியதாகப் பொரித்த வெங்காயம். எதற்கும் தனி விலை கிடையாது. பரிமாறியவர் உருளைக்கிழங்கைக் கண் முன்னாலேயே பிளந்து, ஆவி பறக்க வெண்ணெயை உள்ளே விட்டார். நம் வீட்டில் இலையில் நெய் ஊற்றும் அத்தையின் கை எப்படிச் சாயுமோ அதே சாய்வு!

இப்போது கதவுக்கு வருவோம்.

தள்ளியதும் சூடு முகத்தில் அறைந்தது. அடுத்து சத்தம்: தட்டு மோதுவது, யாரோ ஆர்டரைப் படிப்பது, இன்னொருவர் திருப்பிச் சொல்வது. நான் நினைத்ததைவிட மூன்று மடங்கு பெரிய சமையலறை, ஆனால் ஒருவரும் ஒருவர்மேல் இடிக்கவில்லை. "வலப்பக்கமாகவே வாருங்கள்" என்றார் அழைத்துப் போனவர். தட்டுகளைத் தோளுக்கு மேலே ஏந்தியவர்கள் எங்களைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போனார்கள்.

கறி வெட்டும் இடத்தில் கால் நின்றுவிட்டது. ஒருவர் விலாப் பகுதியை அப்படியே பலகையில் கிடத்தியிருந்தார். வெளிப்புறம் கருஞ்சிவப்பாக, காய்ந்த மரப்பட்டை போல இருந்தது. வாரக்கணக்கில் குளிரறையில் காற்றாட வைத்த கறி. நம் உப்புக்கண்டம் நினைவுக்கு வந்தது. அதில் உப்பும் வெயிலும் சேர்ந்து ஈரத்தை மொத்தமாக வாங்கிவிடும். இங்கே உப்பு இல்லை, வெயில் இல்லை. உறையாத அளவுக்குக் குளிர், ஓடிக்கொண்டே இருக்கும் காற்று, அவ்வளவுதான். ஈரம் மெல்ல இறங்க இறங்கச் சுவை செறிகிறது, கறியிலேயே இருக்கும் நொதிகள் தசைநாரை அறுத்து மிருதுவாக்குகின்றன. அவர் கத்தியால் அந்தப் பட்டையைச் சீவினார். உள்ளிருந்து பளபளவென்று செந்நிறம் வந்தது! ஆர்டர் சீட்டைப் பார்த்தார், கத்தியை வைத்து ஒரே இழுப்பு, துண்டைத் தராசில் போட்டார். எண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். ஓரத்துக் கொழுப்பைச் சுண்டுவிரல் அகலத்துக்குச் சீவிவிட்டு அடுத்தவரிடம் தள்ளினார். என் தட்டுக்கு வந்த துண்டும் அரைமணி நேரம் முன்பு இதே பலகையில் கிடந்திருக்கிறது என்று நினைத்தபோது கை கூப்பத் தோன்றியது.

கரி அடுப்புக்கு முன்னால் நின்றவரிடம் கடிகாரம் எதையும் காணோம். கங்கின்மேல் ஏழெட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றும் வேறு கனம், வேறு பதம். நடுவிரலால் ஒன்றை லேசாக அழுத்துவார், அடுத்ததற்குப் போவார், மூன்றாவதைத் திருப்பிப் போடுவார். கறி எவ்வளவு வெந்திருக்கிறது என்பதை அந்த விரல் சொல்லிவிடுகிறது. எங்கள் பாட்டி பாகுப் பதம் பார்ப்பதும் இப்படித்தான், இரண்டு விரலுக்கு நடுவே. கொழுப்பு கங்கில் சொட்டும்போதெல்லாம் தீ எழுந்து அவர் முகத்தைச் சிவப்பாக்கியது. நாங்கள் நின்ற நேரம் முழுவதும் அவர் திரும்பவே இல்லை.

இன்னொரு மூலையில் தொட்டிகள். உயிரோடு மீன்! ஆர்டர் வந்த பிறகுதான் பிடிப்பார்களாம். காப்பிக்கொட்டையை இங்கேயே கையால் பொறுக்கி, இங்கேயே வறுக்கிறார்கள். காய்கறி தான் நினைத்தபடி வரவேண்டும் என்பதற்காகப் பெர்ன் சொந்தப் பண்ணையே வைத்து நடத்தினார். வெளியில் வாங்கிக்கொண்டால் போதும் என்று அந்த மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. சாப்பாட்டு அறையில் பரிமாற வருபவரும் முதலில் மாதக்கணக்கில் இந்தச் சமையலறையின் ஒவ்வொரு பகுதியிலும் வேலை செய்து பழகவேண்டும். எங்களுக்குப் பரிமாறியவர் உருளைக்கிழங்கைப் பற்றிக்கூட ஐந்து நிமிடம் பேசியதன் ரகசியம் அப்போது புரிந்தது. அவரே அதைச் சுட்டவர்!

அங்கிருந்து நிலவறை. ஒரு கதவு தாண்டியதும் சித்திரை மாதத்திலிருந்து மார்கழிக்குள் விழுந்தது போல இருந்தது. ஒரு ஆள் நுழையும் சந்து, இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை பாட்டில்கள், தூசி படிந்தபடியே. சேகரிப்பு மொத்தம் ஐந்து லட்சம் பாட்டிலுக்கு மேல். எல்லாம் இங்கே கொள்ளாது, தனிக் கிடங்குகளிலும் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்த உணவகத்திடமும் இவ்வளவு பெரிய சேகரிப்பைக் காண்பது அரிது. ஒயின் பட்டியல் ஒரு காலத்தில் அகராதியைவிடத் தடித்த புத்தகமாம், மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்களாம். நான் ஒயின் குடிப்பவள் அல்ல. இருந்தாலும் தாத்தா பிறந்த காலத்துத் திராட்சை ஒரு பாட்டிலுக்குள் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. குளிரிலும்தான்.

முடிந்தது என்று நினைத்தேன். "இனிப்புக்கு மாடிக்குப் போகவேண்டும்" என்றார்கள். அதற்கென்றே தனித் தளம்! பிரிட்டனைச் சேர்ந்த ஒயின் எழுத்தாளர் ஹாரி வா பெயரில் 1985-ல் திறந்தது. பெரிய பெரிய ரெட்வுட் மரப் பீப்பாய்களைக் கழற்றி 48 சிறு அறைகளாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு குடும்பம் ஒரு பீப்பாய்க்குள்! வளைந்த சுவரைத் தடவினால் மரத்தின் வரி கைக்குத் தெரிகிறது. என்ன இசை வேண்டும் என்பதையும் நாமே தேர்ந்துகொள்ளலாம். மெக்கடேமியா ஐஸ்கிரீம் வந்தது. பருப்பு பல்லில் நொறுங்க, பாலாடை நாக்கில் கரைய, அண்ணனும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பெரியம்மா வீட்டு வராந்தாவில் ஒரே கிண்ணத்தில் பால் ஐஸ் தின்றபோதும் இப்படித்தான் மௌனமாக இருந்தோம்.

பெர்ன் லாக்ஸர் 2002-ல் மறைந்தார். உணவகப் பொறுப்பு மகன் டேவிட்டின் கைக்கு வந்தது. நான் சாப்பிட்ட நல்ல விருந்துகளை எண்ணினால் இரண்டு கை போதாது. ஆனால் சாப்பிட்டதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்காமலே காட்டியது இந்த ஒரு இடம்தான். என் கணக்கில் முதல் இடம் இதற்கே.

டாம்பா பக்கம் போகிறவர்கள் மேசைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நல்ல உடையாக உடுத்திக்கொள்ளுங்கள், நிலவறைக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுபவர் கேட்க மறந்தால் நீங்களே கேளுங்கள்: சமையலறையைப் பார்க்கலாமா? அதற்குக் கட்டணம் கிடையாது.