பட்டம் வாங்கிய பிறகு விலங்கு மருத்துவர் எங்கே படிப்பது?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையை ஒட்டி பஃபலோ ரோடு, அடுத்து கெர்பாவ் ரோடு, அதையும் தாண்டினால் ரேஸ் கோர்ஸ் ரோடு. ஒரு காலத்தில் இங்கே எந்தெந்த விலங்குகள் நடமாடின என்பதைச் சிராங்கூன் வட்டாரத்துத் தெருப்பெயர்களே சொல்லிவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது மாட்டு வணிகம் நடந்த இடம்; தமிழ்ப் பால்காரர்கள் மாடு கட்டிப் பிழைத்த இடம். பக்கத்திலிருந்த ஃபேரர் பார்க்கில் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது. பிறகு பந்தயம் புக்கிட் தீமாவுக்கும் அங்கிருந்து கிராஞ்சிக்கும் போய், 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி ஓட்டத்தோடு முடிந்தேவிட்டது. பொங்கோல் பக்கத்துப் பன்றிப் பண்ணைகள் 1980களிலேயே படிப்படியாக மூடப்பட்டன. இதற்கு நேர்மாறாக, 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் தடை செய்யப்பட்டிருந்த பூனை 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி பெற்ற குடும்ப உறுப்பினராகிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் பட்டம் வாங்கி இங்கே வேலைக்குச் சேர்ந்த ஒரு விலங்கு மருத்துவர் பன்றி போனதையும் குதிரை போனதையும் பூனை வந்ததையும் தம் ஒரே பணிக்காலத்தில் பார்த்திருக்க முடியும். கல்லூரியில் அவர் படித்த விலங்குகள் ஒன்று, அவர் மேசைக்கு வரும் விலங்குகள் வேறொன்று. அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள், எப்படி நிரப்புகிறார்கள் என்ற கேள்வி மருத்துவர்களை மட்டும் சேர்ந்ததில்லை. வீட்டில் ஒரு பூனை வைத்திருக்கும் எவருக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தப் பூனையையே எடுத்துக்கொள்வோம். பூனைகளிடம் பரவலாகக் காணப்படும் ஒருவகைக் கொரோனா கிருமி, சில பூனைகளின் உடலுக்குள் உருமாறி எஃப்ஐபி என்ற கொடிய வயிற்றுச் சவ்வு அழற்சியாக வெடிக்கும். பெரும்பாலும் இளம் பூனைகள்தான் மாட்டிக்கொள்ளும். விடாத காய்ச்சல், உடல் மெலிவு, சில பூனைகளுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது. 2015இல் பட்டம் பெற்றவர் எந்த நாட்டில் படித்திருந்தாலும், இதற்கு மருந்தில்லை என்றே படித்திருப்பார். கருணைக்கொலைதான் கண்ணியமான வழி என்றும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 2019இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழுவினர், ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். 25 பூனைகள் பிழைத்து நீண்ட நாள் வாழ்ந்தன. கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் பெயர் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர், உடலுக்குள் போனதும் மாறுகிற பொருள்தான் இது. பிரிட்டனில் 2021இல் இது சட்டப்படி மருத்துவர் கைக்கு வந்தது. அமெரிக்காவில் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பூனை வளர்ப்பவர்கள் சமூக ஊடகக் குழுக்கள் வழியாக மருந்தை வாங்கித் தாங்களே ஊசி போட்டார்கள். மருத்துவருக்கு முன்பே வளர்ப்பவருக்குத் தெரிந்துவிட்ட மருந்து அது. பழைய பாடத்தை மட்டும் நம்பியிருந்த மருத்துவர், பிழைத்திருக்கக்கூடிய பூனையைத் தூங்கவைக்கச் சொல்லியிருப்பார். அதில் அவருடைய நேர்மைக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் அறிவுக்குத் தேதி தாண்டிவிட்டது.

மருந்தின் பெயரை ஒரு கட்டுரையிலோ இணைய வகுப்பிலோ தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் மருந்து வேலை செய்ய வேண்டுமானால் நோயைச் சரியாகப் பிடிக்க வேண்டும், அது கையும் கண்ணும் செய்கிற வேலை. எஃப்ஐபிக்கு ரிவால்டா என்றொரு எளிய சோதனை உண்டு. கண்ணாடிக் குழாயில் காய்ச்சி வடித்த நீர் எடுத்து, அதில் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் கலந்து, பூனையின் வயிற்றிலிருந்து எடுத்த நீரை மேலே ஒரு சொட்டு மெல்ல விட வேண்டும். அந்தச் சொட்டு கரைந்துபோனால் எஃப்ஐபியாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உருக்குலையாமல் தொங்கினாலோ மெதுவாக அடியில் இறங்கினாலோ சந்தேகம் வலுக்கும். வேறு நோய்களிலும் அப்படித் தொங்கும் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு கட்டக்கூடாது. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்ய நாலு முறை கைப்பழக்கம் போதும், அந்த நாலு முறையை எந்தப் படக்காட்சியாலும் தர முடியாது. வயிற்றில் கொஞ்சமாகத் தேங்கிய நீரை ஸ்கேனில் கண்டுபிடிப்பதும், கண்ட இடத்தில் குடலைக் குத்திவிடாமல் ஊசியைச் செலுத்துவதும் அதைவிட நுட்பமானவை. பூனையின் பல்லும் இப்படித்தான். ஈறுக்கு மேலே நன்றாகத் தெரியும் பல், ஈறுக்குக் கீழே வேர் அரித்துக் கிடக்கும். பல் எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். படலத்தை எந்தக் கோணத்தில் வைப்பது, அரித்துப்போன வேரைத் தாடை எலும்பு உடையாமல் எப்படி எடுப்பது என்பதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று மணிக்கட்டைத் திருத்தினால் மட்டுமே வரும்.

பணியில் இருக்கும் விலங்கு மருத்துவர்களின் தொடர்கல்வி கையால் செய்து பழகுவதை மையமாக வைத்து அமைய வேண்டும், உரை கேட்பது அதற்குத் துணையாக இருந்தால் போதும் என்று நான் வாதிடுவதற்கு இதுவே காரணம். இது வெறும் உணர்ச்சியில் சொல்வது இல்லை. டேவ் டேவிஸும் அவர் சகாக்களும் 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, உட்கார்ந்து உரை கேட்கும் கூட்டங்களால் மருத்துவரின் நடைமுறை மாறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. கலந்துரையாடலும் செய்துபார்க்கும் பயிற்சியும் சேர்ந்த நிகழ்ச்சிகளில்தான் மாற்றம் தெரிந்தது. இது மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவர்களைப் பற்றிய ஆய்வு என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் தையல் போடும் கை கற்றுக்கொள்ளும் விதம், முன்னால் படுத்திருப்பது மனிதரா நாயா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. நோயாளி வாய் திறந்து சொல்லாத தொழிலில் கண்ணுக்கும் விரலுக்கும் வேலை இன்னும் அதிகம்.

‘இருபது வருஷ அனுபவத்தைவிடப் பெரிய பள்ளிக்கூடம் உண்டா?’ என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறும் நாயைக் கொண்டுவந்தால், பதறாமல் முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்பவர் அனுபவசாலிதான். ஆனால் 2005இல் வெளியான ஒரு பெரிய மீளாய்வு மருத்துவர்களைப் பற்றிய 62 ஆய்வுகளை அலசியது. பணியாற்றிய ஆண்டுகள் கூடக்கூடச் சிகிச்சையின் தரம் ஏதோவொரு வகையில் குறைந்ததாகவே அவற்றில் பெரும்பாலானவை காட்டின. மறு ஆண்டே வந்த இன்னொரு மீளாய்வு, மருத்துவர்கள் தம் திறமையைத் தாமே எடைபோடுவது வெளியிலிருந்து அளந்த திறமையோடு பெரும்பாலும் பொருந்துவதில்லை என்றது. ஆக, எந்தப் பயிற்சி வேண்டும் என்று மருத்துவரே முழுக்க முழுக்கத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில், தமக்கு நன்றாகத் தெரிந்ததையே மறுபடி கேட்டுவிட்டு வரும் வாய்ப்பு அதிகம். நாள்தோறும் செய்வதில் கை தேறிவிடும். வருடத்துக்கு ஒருமுறை வருவதில்தான் தடுமாறும்.

சிங்கப்பூரில் அந்த ‘எப்போதாவது வருவது’ ஒரு தனிப் பிரச்சினை. இந்தத் தீவில் வெறிநோய் 1953க்குப் பிறகு இல்லை. மகத்தான சாதனை. அதன் மறுபக்கம், இங்கே பணியாற்றும் மருத்துவர் ஒரு வெறிநாயையும் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிடலாம். பார்க்காத நோயை வாசலில் அடையாளம் காண வேண்டிய பொறுப்பு மட்டும் அவர் தலையில் இருக்கிறது. எல்லையைத் தாண்டி நோய் வராமல் இருப்பதும் இல்லை. 2022 மார்ச்சில் லிம் சூ காங் மாட்டுப் பண்ணையொன்றில் தோல்கழலை நோய் முதன்முறையாகத் தலைகாட்டியது. 2023இல் காட்டுப்பன்றிகளிடமும், பிறகு இந்தோனேசியாவின் பூலாவ் பூலானிலிருந்து வந்த பன்றிகளிடமும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது.

தவறாக அடையாளம் கண்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு நிப்பா கிருமித் தொற்றைவிடக் கசப்பான பாடம் இந்த வட்டாரத்தில் இல்லை. 1998இல் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது, அது கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே மாதக்கணக்கில் எண்ணினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. பெரும்பாலும் பன்றிகளைத் தொட்டுப் புழங்கிய வயதுவந்த ஆண்களுக்கே வந்தது. பன்றிகளோ தூரத்துக்குக் கேட்கும்படி குரைப்பதுபோல் இருமின. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றிகள் அப்படி இருமுவதில்லை. புதிய கிருமி அது என்று 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் பிரித்தெடுத்துக் காட்டுவதற்குள் நோய் தெற்கே பரவிவிட்டது. மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகள் அழிக்கப்பட்டன. இங்கே இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றியதில் ஒருவர் உயிரிழந்தார். அந்த இருமல், எல்லாருக்கும் முன்னால் விலங்கு மருத்துவரின் காதில் விழ வேண்டிய தடயம்.

இங்கே இல்லாத நோயைப் பார்க்கப் பழக வேண்டுமானால், அது இருக்கும் இடத்துக்குப் போகத்தான் வேண்டும். சிராங்கூன்காரருக்குத் தமிழ்நாடு தூரமில்லை. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் அங்கே இருக்கின்றன. மாடு, ஆடு, நாய், கோழி என்று எல்லாமே அங்கே மருத்துவர் கைக்கு வந்து சேரும். வெறிநோய் என்று சந்தேகப்படும் நாயின் நடையையும் தாடையையும் எப்படிப் பார்ப்பது, இறந்த பிறகு மண்டையோட்டைப் பிளக்காமல் பின்துளை வழியாகக் குழாய் செலுத்தி மூளைத் திசுவை எப்படி எடுப்பது என்பதை, முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டு, அங்குள்ளவர்களோடு நின்று கற்கலாம். ஊட்டியில் வேர்ல்ட்வைட் வெட்டரினரி சர்வீஸ் அமைப்பு நடத்தும் பயிற்சி மையத்தில் தெருநாய்க் கருத்தடை அறுவையை மருத்துவர்களுக்குக் கையால் செய்யவைத்தே கற்றுக்கொடுக்கிறார்கள். தெருநாய்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் கருத்தடை செய்ய வேண்டும் என்று 2018இல் திட்டம் தொடங்கிய சிங்கப்பூருக்கு அந்த அனுபவம் அந்நியமானதல்ல. வசதி மிகுந்த நாட்டு மருத்துவர் அங்கே போய் என்ன கற்கப்போகிறார் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: இங்கே இல்லாததை.

எல்லாவற்றுக்கும் வெளியூர் போக முடியாது என்பதும் உண்மை. சிங்கப்பூரில் விலங்கு மருத்துவக் கல்லூரியே கிடையாது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து என்று வெளியே படித்துவிட்டு வருபவர்கள்தான் இங்கே தொழில் பார்க்கிறார்கள். கல்லூரி இருக்கும் ஊரில் பழைய மாணவர் சனிக்கிழமை போய் ஆய்வுக்கூடத்தில் நின்றுவிட்டு வரலாம். இங்கே திரும்பிப் போக ஒரு வாசல் இல்லை. ஆனால் கூடிச் செய்தால் என்ன முடியும் என்பதையும் இந்த ஊரே காட்டியிருக்கிறது. 2018இல் ஜூரோங் பறவைப் பூங்காவிலிருந்த ஜாரி என்ற மலை இருவாச்சிக்கு அலகின் மேல்கொண்டையில் புற்றுநோய் வந்தது. பூங்கா மருத்துவர்கள், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள், வெளியிலிருந்த விலங்கு மருத்துவர் எல்லாரும் சேர்ந்து முப்பரிமாண அச்சில் புதிய கொண்டை ஒன்றைச் செய்தார்கள். எந்தக் கோட்டில் அறுப்பது என்று காட்டும் அச்சுச் சட்டத்தையும் அதே முறையில் தயாரித்துக்கொண்டார்கள். பிழைத்த ஜாரி, வால்பக்கச் சுரப்பியின் மஞ்சள் எண்ணெயைப் புதிய கொண்டையில் தேய்த்துச் சொந்தமாக்கிக்கொண்டது. ஒரு பறவைக்காகக் கூடிய அந்தக் கூட்டணி, உடைந்த தாடை, அரித்த பல்வேர் ஆகியவற்றின் மாதிரிகளை அச்சிட்டு மருத்துவர்களை அறுத்துப் பழகவைக்கும் நிரந்தரப் பயிற்சிக்கூடமாக ஏன் ஆகக்கூடாது? விலங்கு மருத்துவத் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வகுப்பில்லாத நாள்களில் அதற்கு இடம் தேடலாம். விலங்கு மருத்துவர்களுக்கென்று தனி மன்றம் அமைக்கும் முயற்சியை அரசாங்கம் முன்னெடுத்துவரும் நேரத்தில் பேச வேண்டிய பேச்சு இது.

‘மன்றம் வந்தால் தொடர்கல்விப் புள்ளி வரும், புள்ளி வந்தால் சான்றிதழ் சேர்க்கும் வேலை வரும்’ என்ற அலுப்பு புரியாமல் இல்லை. சிங்கப்பூரில் மனித மருத்துவர்களுக்குத் தொடர்கல்வி 2003இல் கட்டாயமானது. பிரிட்டன் தன் விலங்கு மருத்துவர்களிடம் ஆண்டுக்கு 35 மணி நேரம் கேட்கிறது. மணிக்கணக்கு குறைந்தபட்ச ஒழுங்கைத் தரும். ஆனால் கடைசி வரிசையில் அமர்ந்து கைப்பேசி பார்த்த ஒரு மணியும், வேரோடு பல்லெடுத்துப் பழகிய ஒரு மணியும் ஏட்டில் சமமாகிவிடும். அதனால் கணக்கின் ஒரு பகுதியையாவது, மேற்பார்வையில் எத்தனை முறை செய்து தேறினார் என்பதை வைத்து அளக்க வேண்டும். அதிலும், மருத்துவர் அரிதாகச் செய்யும் சிகிச்சைகளுக்கு முதலிடம் தர வேண்டும்.

செலவைப் பற்றிய மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டே மருத்துவர்கள் உள்ள கிளினிக்கில் ஒருவர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனால் வருமானம் குறையும், இன்னொருவர் ஓய்வில்லாமல் நிற்பார், கடைசியில் கட்டணச் சீட்டு வளர்ப்பவர் கைக்கே வரும். இங்கே ஏற்கெனவே விலங்கு சிகிச்சை பலருக்கு எட்டாத செலவு. ஆனால் தவறவிட்ட நோய்க்கும் இரண்டாம் அறுவைக்கும் அதே வளர்ப்பவர்தான் பணம் கட்டுகிறார். அந்தக் கணக்கு எந்தச் சீட்டிலும் வருவதில்லை. எல்லாத் தொழிலுக்கும் திறன் மேம்பாட்டு உதவி கொடுத்துப் பழகிய நாட்டில், பக்கத்துப் பக்கத்துக் கிளினிக்குகள் முறைபோட்டு ஆள் மாற்றிக்கொள்ளவும் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கவும் வழி காண முடியும்.

விலங்கை வைத்துப் பழகுவது பாவமில்லையா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கேள்வி நியாயமானது. நல்ல உடல்நிலையில் இருக்கும் விலங்கைப் பயிற்சிக்காகவே அறுப்பதை நானும் ஏற்க மாட்டேன். அதற்குத் தேவையும் இல்லை. முதல் தவறுகளைச் செயற்கை மாதிரியில் செய்துவிடலாம். காப்பகங்களில் எப்படியும் செய்தாக வேண்டிய கருத்தடையை, தேர்ந்த அறுவை மருத்துவர் பக்கத்தில் நிற்க, முழு மயக்க மருந்தோடும் வலி நிவாரணத்தோடும் செய்தால் விலங்குக்கும் நன்மை, கற்பவருக்கும் நன்மை. மனித உடலைக் கல்லூரிக்குத் தானம் செய்வதுபோல, இயற்கையாக இறந்த செல்லப்பிராணியின் உடலைப் பயிற்சிக்குக் கொடுக்க உரிமையாளரிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் சில வெளிநாட்டுக் கல்லூரிகளில் உண்டு. இங்கும் கிளினிக் முகப்பில் ஒரு படிவமாக அதை வைக்கலாம். துக்கத்தில் இருப்பவரிடம் அந்த நேரத்தில் கேட்பது கடினம் என்பதால், வருடாந்தரத் தடுப்பூசிக்கு வரும்போதே பேசிக் கையெழுத்து வாங்கிவைப்பது நல்லது. மறுக்கிறவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்ற வரியையும் அந்தப் படிவத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.